வெறும் கண்ணாடியில் வந்த மின்னழுத்தம்

கொழுந்தனின் அளவீடுகள் அவளை உறுத்தத் தொடங்கிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. காந்தப் படலங்களை வளர்ப்பது அவள் வேலை. அவற்றை அளப்பது அவன் வேலை. அவனை இந்த ஆய்வகத்தில் சேர்த்துவிட்டவளும் அவளே. அவன் பொய்க்கணக்கு எழுதுகிறான் என்றால், நாளை அனுப்பவிருக்கும் கட்டுரையில் முதலாவதாக நிற்கும் அவள் பெயரும் சேர்ந்தே நாறும்.

படலத்தின் ஒரு பக்கத்தைச் சூடாக்கினால், தற்சுழற்சி என்னும் காந்தப் பண்பு அதன்மேல் பூசப்பட்ட பிளாட்டினத்துக்குள் பாயும். பிளாட்டினம் அதை நுண்ணிய மின்னழுத்தமாக மாற்றித் தரும். காந்தப் புலத்தைத் திருப்பினால் மின்னழுத்தமும் குறி மாறும். இதில் ஐயமில்லை. ஆனால் வெற்றிடப் பம்பு மக்கர் செய்த நாளில் வளர்ந்த அரைகுறைப் படலமும் அவன் கையில் பிசிறில்லாமல் குறி மாறியதுதான் அவளுக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாயிற்று.

ஆகவே அன்று காலை, காந்தப் படலமே இல்லாத கண்ணாடித் தகட்டில் பிளாட்டினத்தை மட்டும் பூசி, புதுப் படலம் என்று சொல்லிக் கொடுத்தாள். நேர்மையாக அளந்தால் சுழியம்தான் வரவேண்டும்.

மதியத்துக்கு முன்பே சிரித்துக்கொண்டு வந்தான்.

"அண்ணி, உங்க கைக்கு மோதிரம்தான் போடணும்! சும்மா அம்சமா குறி மாறுது."

அவள் அவனோடு அளவீட்டு மேசைக்குப் போனாள். "என் கண்ணு முன்னாடி இன்னொரு தடவை அள."

"இதென்ன ரத்தப் பரிசோதனையா, ரெண்டாவது டாக்டர்கிட்ட காட்ட?"

அவன் விரல்களை விட்டு அவள் கண்ணெடுக்கவில்லை. அவன் புலத்தைத் திருப்பினான். திரையில் மேலே இருந்த கோடு கீழே இறங்கியது. எதையும் அவன் மாற்றவில்லை, மறைக்கவில்லை.

"அதுல காந்தமே இல்லப்பா. வெறும் கண்ணாடி."

அவன் முகம் சுண்டிப்போயிற்று. "என்னையா சோதிச்சீங்க?"

அவள் தகட்டை வெளியே எடுத்தாள். சூடாகும் இடத்தில் எஞ்சியவை, பிளாட்டினத்தை அழுத்திப் பிடிக்கும் தொடு ஊசிகள் மட்டுமே. போன மாதம்தான் அவற்றைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். மேசையில் கிடந்த உபரி ஊசி ஒன்றின் அருகே சிறு காந்தத்தைக் கொண்டுபோனாள். ஊசி துள்ளி வந்து ஒட்டிக்கொண்டது. தங்க முலாமுக்கு அடியில் நிக்கல். சூடேறிய நிக்கல், தற்சுழற்சியைப் போலவே வேஷம் கட்டி, குறி மாறும் மின்னழுத்தத்தைத் தானே உண்டாக்கியிருக்கிறது.

"தப்பு ஊசியோடதுதான். நான் உன்னைப் போய்..."

"விடுங்க அண்ணி. குடும்பம்னா இதெல்லாம் சகஜம்." அவனுக்குச் சிரிப்பு திரும்பியது. வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, கதவை மெல்லச் சாத்தினான். "ஊசியை மாத்திடுவோம். பழைய ஊசியில அளந்த எண்களோடயே கட்டுரை அது பாட்டுக்குப் போகட்டும். கண்ணாடியை அளந்தது நம்ம ரெண்டு பேருக்குத்தானே தெரியும்?"

இத்தனை வாரமாக அவள் அஞ்சிய ஆள் இப்போதுதான் அறைக்குள் நுழைந்ததுபோல் இருந்தது. ஊசியைக் காந்தத்தோடு சேர்த்து உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள்.

"கதவைத் திற."

"எங்க போறீங்க?"

"பேராசிரியர்கிட்ட. நீயும் வா."

அவன் வழிவிட்டு ஒதுங்கினான்.

"முன்னாடி நட," என்றாள்.