கத்தியைக் கீழே வைத்தவர்கள்

ஓனோராவின் ஏழு வருடக் கட்டாய வேலை இன்றோடு முடிகிறது. காலையில் சோளக்கூழ் குடிக்கும்போது தம்பி டெர்மட் ஒரே ஒரு வரம் கேட்டான்.

"போறப்போ எங்க வேலையை வாழ்த்திட்டுப் போக்கா."

"இந்த வேலையையா? நம்மள நாய் மாதிரி கப்பல்ல ஏத்திட்டு வந்து வாங்குற வேலைடா இது. இது நல்லா நடக்கணும்னு நான் கடவுள்கிட்ட கேக்கணுமா?"

"வேலைக்கு வேணாம், கத்தி புடிக்கிற கைக்குச் சொல்லு. தூக்கத்துலகூட ஓயாம பேசுறவ நீ. இதுக்குப் போய் கஞ்சத்தனம் பண்ணாத."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி என்று வாக்குக் கொடுத்தாள்.

அயர்லாந்தில் அவர்கள் ஊர்ப்பக்கம், வேலை செய்கிறவர்களைக் கடந்து போகும் யாரும் "இந்த வேலையைக் கடவுள் ஆசீர்வதிக்கட்டும்" என்று சொல்லாமல் போவதில்லை. வரப்புச் சண்டைக்காரன்கூட முறைத்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவான். வாய் திறக்காமல் போனால் கண் வைத்துவிட்டுப் போவதாக அர்த்தம். வெட்டுகிற கை தவறும், ரத்தம் சிந்தும். டெர்மட் தப்பியோடிப் பிடிபட்டதற்கு அவன் தலையில் இன்னும் மூன்று வருடத்தைக் கட்டியிருந்தார்கள். பார்படோஸில் மூன்று வருடக் கரும்பு வெட்டு என்பது லேசான காரியமில்லை. அவர்களையும் சேர்த்து வந்து இறங்கிய முப்பது பேரில் பதினொரு பேர்தான் மிச்சம். மற்றவர்களுக்கும் ஏதாவது குற்றம் சொல்லி வருடத்தைக் கூட்டியிருந்தார்கள். பக்கத்து வரிசையில் வெட்டும் ஆப்பிரிக்கர்களுக்கோ வருடக் கணக்கே கிடையாது, ஆயுளுக்கும் அடிமை.

கங்காணி ஹாஸ்கின்ஸ் விடுதலைச் சீட்டை மனசேயில்லாமல் நீட்டினான்.

"கரும்புக் காட்டு வழியாத்தான் துறைமுகத்துக்குப் போகணும். நானும் கூட வர்றேன். அங்க வெட்டுறவங்ககிட்ட ஒத்த வார்த்தை பேசின, சீட்டைக் கிழிச்சுப் போட்டு இன்னும் ரெண்டு வருஷம் வெட்ட வச்சிருவேன். உங்க பாஷையில என்ன சதி பேசுறீங்கன்னு எவனுக்குத் தெரியும்?"

அவன் சொன்னால் செய்வான். சீட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு அவள் நடந்தாள். பின்னால் அவன் குதிரை வந்தது.

பாதையோர வரிசையில் முதல் ஆள் டெர்மட். அவன் கத்தி ஏறி இறங்குவது தூரத்திலேயே தெரிந்தது. பேசினால் இரண்டு வருடம். பேசாவிட்டால் கூடப்பிறந்தவனுக்குக் கேடு வைத்துவிட்டுப் போனவள் ஆவாள். பேசிவிடுவது என்றே முடிவு செய்து வாயைத் திறக்கப் போனாள்.

டெர்மட் நிமிர்ந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்தான், பின்னால் வரும் குதிரையைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. குனிந்து கத்தியைத் தரையில் வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

வேலை நடக்காத இடத்தில் வாழ்த்தும் வேண்டாம், வாழ்த்தாமல் போனால் குற்றமும் இல்லை. அவர்களில் அதை அறியாதவர் யாருமில்லை.

"ஏய்! எடுடா கத்தியை!" ஹாஸ்கின்ஸின் சாட்டை டெர்மட்டின் முதுகில் இறங்கியது. அவன் அசையவில்லை. அடுத்து நின்ற கிழவர் முரிஷ் கத்தியை வைத்தார். அவருக்கு அடுத்தவளும் வைத்தாள். ஓனோரா யாரை நெருங்கினாளோ அவர் கை ஓய்ந்தது. பத்துப் பேரும் நின்றுவிட்டார்கள்.

"பைத்தியமாடா புடிச்சிருக்கு உங்களுக்கு?" என்று ஹாஸ்கின்ஸ் கத்தினான். சாட்டை ஒவ்வொரு முதுகாகப் போனது. ஒரு சாட்டையால் பத்துப் பேரை ஒரே நேரத்தில் அடிக்க முடியாதே! அடிபட்ட பிறகும் ஒருவரும் குனியவில்லை.

ஓனோரா வாயே திறக்காமல் கடந்து போனாள். கண்ணீர் தாடைவரை வழிந்தது, துடைக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் கால் நகராது என்று அவளுக்குத் தெரியும்.

கடைசிக் கரும்பைத் தாண்டிப் பாதை வளைந்த பிறகுதான் பின்னால் கத்திகள் மறுபடி விழத் தொடங்கின. சாட்டைச் சத்தம் மட்டும் அதற்குப் பிறகும் நிற்கவில்லை.

குதிரை அவள் பின்னால் வரவில்லை. அங்கே அவள் வாய் திறந்தாள். அந்த வேலையை அவள் வாழ்த்தவில்லை. டெர்மட்டில் தொடங்கி அந்தப் பத்துப் பேரையும் பெயர் சொல்லி, அவர்கள் கைகளைக் கடவுள் காக்கட்டும் என்று, துறைமுகம் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனாள்.