ஒரே சீராக

"தலைய நான் புடிச்சிக்கிறேன், நீ காலுக்குப் போ" என்றார் பெரியப்பா கோவிந்தராசு. நான்கு பேராக ஆதிமூலத்தைக் கட்டிலிலிருந்து தூக்கி, கூடத்தில் வைத்திருந்த ஐஸ் பெட்டிக்குக் கொண்டுபோனார்கள். மகள் தாமரைச்செல்வி பின்னால் போகவில்லை. அப்பா இல்லாத கட்டிலின் தலைமாட்டில் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு இன்னும் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது.

அவளுடைய ஐந்து வருட ஆராய்ச்சி அது. விரிப்புக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நுரைத் துண்டு. உடம்பெல்லாம் பொத்தல், ஊதினால் பறந்துவிடும். அமுங்கி விரிந்தால் போதும், தானே மின்சாரம் உண்டாக்கும், பேட்டரி கிடையாது. மில்லில் பஞ்சுத் தூசி தின்று நெஞ்சு கெட்ட அப்பாவின் முதுகுக்குக் கீழே அதை வைத்து மூன்று மாதமாகிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் விளக்கு ஒருமுறை எரியும். அம்மா சமையலறையிலிருந்தே எட்டிப் பார்த்து "எரியுது, எரியுது" என்று சொல்லிக்கொள்வாள்.

இன்று காலை பத்து மணிக்கு லேப்டாப்பில் டாக்டர் பட்டத்துக்கான கடைசித் தேர்வு. அப்பாவின் மூச்சையே காட்டுவதாக ஏற்பாடு. "புழுக்கமா இருக்கும்மா" என்றார் அப்பா. கட்டில் கம்பியில் சின்ன ஃபேனை மாட்டிவிட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தாள். கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடித்ததும் கேமராவை அறைப் பக்கம் திருப்பினாள். எவ்வளவு சீராக எரிகிறது பாருங்கள் என்று பெருமையாகச் சொன்னாள். திரையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். பதினொன்றுக்கு உள்ளே ஓடி, "அப்பா, டாக்டர் ஆயிட்டேன்" என்று தோளைத் தொட்டாள். தோள் சில்லென்றிருந்தது. அம்மா கட்டிலோரம் உட்கார்ந்தபடியே அவளைப் பார்த்தாள்.

மூச்சு என்றைக்காவது சீராக வருமா? அதுவும் அவர் மூச்சு? ஃபேன் கட்டிலை உதறியிருக்கிறது, கட்டில் விளக்கை எரித்திருக்கிறது. பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும். டாக்டருக்குத் தெரியவில்லை.

"தாமர, இங்க வா." பெரியப்பா காலண்டர் தாளைக் கிழித்துக் கையில் வைத்திருந்தார். "உயிர் எத்தினி மணிக்குப் போச்சு? பத்தே முக்கா வரைக்கும் திருவோணம். அதுக்கு மேல அவிட்டம். அவிட்டம்னா ஆறு மாசம் அடைப்பு. உயிர் போன ரூம பூட்டி வைக்கணும்."

நெல்லித்தோப்பு வாடகை வீட்டில் சமையலறை போக அவர்களுக்கு இருந்ததே அந்த ஒரு ரூமும் கூடமும்தான். வாசலில் வீட்டுக்காரர் புருஷோத்தமன் நின்றிருந்தார். "ஆறு மாசம் பூட்றதுன்னா நான் யோசிக்கணும்ங்க. மாடில குழந்தைங்க இருக்கு" என்றார், துக்க வீட்டுக்குரிய தணிந்த குரலிலேயே.

"பதினொன்னுக்கு நான் பாத்தப்ப..."

"பாத்த நேரத்த கேக்கலம்மா. லைட்டு வச்சிருந்தியே, அது காட்டியிருக்குமே?"

தாமரை அறைக்குள் எரிந்துகொண்டிருந்த விளக்கைத் திரும்பிப் பார்த்தாள். ஐஸ் பெட்டியருகே தலைகவிழ்ந்து உட்கார்ந்திருந்த அம்மா அஞ்சலாட்சி நிமிராமலே சொன்னாள்: "பத்து இருவது, மாமா."

"அப்ப அடைப்பு இல்ல" என்று தாளை மடித்தார் பெரியப்பா. நாற்காலி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு புருஷோத்தமன் நகர்ந்தார்.

தாமரை அம்மாவை அறைக்குள் இழுத்து வந்தாள். "ஏம்மா, வூட்டுக்காகப் பொய் சொன்னியா?"

"பொய் இல்லடி. நீ இங்கிலீசுல பேசிக்கினு இருந்த. இவுருக்கு மூச்சு வாங்கிச்சு. உன்ன கூப்புட எழுந்தேன். கையப் புடிச்சிக்கினு வேணாம்னு தலைய ஆட்னாரு. அவ பேசட்டும்னு. அப்புறம் கை தளந்துபோச்சு. கடியாரத்தப் பாத்தேன்."

"நான் கேமராவ திருப்பினப்ப நீ பக்கத்துலதான உக்காந்திருந்த? சொல்லியிருக்கலாம்ல?"

"கை சில்லுன்னு ஆவுது. லைட்டு எரியுது. எத நம்பறதுன்னு பாத்துக்கினே இருந்தேன்."

தாமரை எட்டி ஃபேனை நிறுத்தினாள். றெக்கைகள் சுற்றி அடங்கின. விளக்கு அணைந்தது.

அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். அவர் முதுகு கிடந்த இடத்தில் மெதுவாகச் சாய்ந்து படுத்து, சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். சத்தமே வரவில்லை. விளக்கு ஒருமுறை எரிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மூன்று முறை, அடுத்தடுத்து. வெளியே யாரோ நாற்காலிகளை இறக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.