ஜோடிப் பேரிக்காய்

அக்காவுக்கு வயிறு எரிந்தது. மாட்டு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை அறையில் பதினாறு வருடமாக அவள் வைத்ததுதான் சட்டம். போன வருடம் அவளே சிபாரிசு செய்து தங்கையைச் சேர்த்துவிட்டாள். இப்போது டாக்டர் வாயைத் திறந்தாலே, "உங்க தங்கச்சி கண்ணு இருக்கே!" என்கிறார். கண்ணாம், பெரிய கண்! இன்று மாலை அந்த அறைக்குப் பொறுப்பாளர் யாரென்று வேறு அறிவிக்கப்போகிறார்.

மதிய இடைவேளையில் தங்கை செல்போனோடு வெளியே போயிருந்தாள். அவளுடைய மைக்ராஸ்கோப்பில் ஒரு ஸ்லைடு மாட்டியபடியே இருந்தது. பக்கத்தில் அன்றைய நோட்டு. கடைசி வரியில் 'கிருமி இல்லை'.

சும்மா பார்க்கலாமே என்று அக்கா குனிந்தாள். சும்மாவா? குற்றம் கண்டுபிடிக்கத்தான். பத்து நிமிடம் துழாவியதில் ரத்தப் பூச்சின் ஓரத்தில் அகப்பட்டுவிட்டது. ஒரே சிவப்பணுவுக்குள் பேரிக்காய் வடிவத்தில் இரண்டு உடல்கள், கூர்முனைகள் ஒட்டி, நடுவே குறுங்கோணம். ஒவ்வொன்றிலும் ஊதாப் பொட்டாக உட்கரு. சாயத் தூசியோ என்று மைக்ராஸ்கோப்பின் ஃபோகஸ் திருகைத் திருப்பினாள். தூசியென்றால் தனியே மேலே மினுக்கும். இது அணுவோடு சேர்ந்தே தெளிந்து, சேர்ந்தே மங்கியது. உண்ணி கடித்து ஏற்றிய கிருமியேதான்.

மாட்டை நினைத்துப் பதறியிருக்க வேண்டும். அவளுக்கோ சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. கையோடு டாக்டரை அழைத்து வந்தாள்.

"பாருங்க டாக்டர், இவ்வளவு தெளிவா இருக்கு, இல்லைன்னு எழுதி வச்சிருக்கா. மாடு செத்தா யாரு பதில் சொல்றது?"

டாக்டர் பார்த்தார். "கிருமிதான்" என்றார். கிளிப்பைத் தளர்த்தி ஸ்லைடை எடுத்தார். கிளிப் மறைத்திருந்த முனையில் பென்சில் எழுத்து: போன திங்கட்கிழமைத் தேதி, கீழே அக்காவின் கையெழுத்து. அன்றைக்கு அந்த மாட்டுக்கு ஒன்றுமில்லை என்று எழுதி அனுப்பியவள் அவளேதான். தங்கையின் நோட்டில் இருந்த கடைசி வரி இன்றைய வேறொரு மாட்டுக்கு.

அந்த நேரம் பார்த்துத் தங்கை உள்ளே வந்தாள். டாக்டர் கையில் ஸ்லைடைக் கண்டதும் அவள் முகம் மாறியது. அக்காவின் காதருகே வந்தாள்.

"உன் பழைய ஸ்லைடைப் பார்த்துத்தான்க்கா தினமும் கத்துக்கறேன். இன்னிக்கு இது கண்ணுல பட்டுச்சு. மாட்டுக்காரருக்கு போன் போட்டுட்டேன், மாடு இன்னும் நிக்குதாம், ஏத்திட்டு வர்றாரு. உன்கிட்ட மட்டும் சொல்லலாம்னு இருந்தேன். டாக்டர்கிட்ட யாரு போட்டுக்கொடுத்தது, அக்கா?"

அக்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அந்த வெட்கத்திலும் ஒன்று மட்டும் உள்ளே சுருக்கென்று தைத்தது: இதிலும் இவளுக்குத்தானே நல்ல பெயர்!