ஒரு ஜோடி மிச்சம்

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் அன்றைக்கு மழைதான் என்று படகுத்துறையில் எல்லாரும் கேலி செய்வார்கள். ஊமைக்கோட்டான் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன், அது வேறு கதை. அவருக்குப் படகு, எனக்குக் கரையில் டீக்கடை. கடலுக்குள் கொஞ்ச தூரத்தில் ஒரு மணல்திட்டு உண்டு. தண்ணீர் வற்றும்போது தலைகாட்டும், ஏறும்போது முங்கிப்போகும். லீவு நாளில் குடும்பம் குடும்பமாக வந்து அதில் இறங்கி ஆட்டம் போடுவார்கள்.

செருப்போடு படகில் ஏறக்கூடாது, வழுக்கும். என் பெஞ்சுக்கு அடியில் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஆட்களை எண்ணலாம் என்றால் ஒருத்தராவது ஓரிடத்தில் நின்றால்தானே! அதனால் எங்களுக்குச் செருப்புதான் கணக்கு. பெஞ்சடி காலியானால் திட்டும் காலி.

அன்றைக்கு இரண்டு வேன் நிறைய ஒரே குடும்பம் வந்தது. அவர்களோடு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா. யாருக்கும் மனைவி இல்லை, யாருக்கும் அம்மா இல்லை. தண்ணீர் பாட்டில், துண்டு, பிள்ளைகளின் மாற்றுத்துணி எல்லாம் அவர் தோளில்தான். "அக்கா, அதை எடு," "அத்தை, இதைப் புடி" என்று ஆளாளுக்கு ஏவினார்கள். பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு டீ ஆற்றினேன்.

சாயங்காலம் இரண்டு நடையாகத் திரும்பினார்கள். செருப்புகளை மாட்டிக்கொண்டு, பைகளைத் தூக்கிக்கொண்டு, இரண்டு வேனும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிப் போயின. பெஞ்சடியைக் கூட்டக் குனிந்தால் ஒரு ஜோடி கிடந்தது. குதிகால் தேய்ந்து, அறுந்த வாரைக் கறுப்பு நூலால் தைத்த செருப்பு.

"என்னங்க, ஒரு ஜோடி மிச்சம் இருக்கு."

"மறந்துட்டுப் போயிருப்பாங்க," என்றார் இவர், கயிற்றைக் கட்டிக்கொண்டே.

"கிளிஞ்சல் குத்துற மணல்ல வெறுங்காலோட வேன் வரைக்கும் யாருங்க நடப்பாங்க? கட்டாதீங்க, எடுங்க படகை!"

அவர் திரும்பிக் கடலைப் பார்த்தார். திட்டு பாதிக்குமேல் முங்கியிருந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு நானும் ஏறினேன். வழி நெடுக அவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். பயம் வந்தால் எனக்கு அது ஒன்றுதான் தெரியும்.

திட்டின் கோடியில் இடுப்பளவுத் தண்ணீரில் அந்த அக்கா நின்றிருந்தார், ஒரு பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் உருண்டதை எடுக்கப் போனாராம். திரும்பி வருவதற்குள் கடைசி நடையும் கிளம்பிவிட்டது. கத்தியது மோட்டார் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இந்த வண்டிக்காரர்கள் அந்த வண்டியில் இருப்பார் என்று நினைத்திருக்கிறார்கள், அந்த வண்டிக்காரர்கள் இந்த வண்டியில் என்று.

இரண்டு பேருமாகத் தூக்கி ஏற்றினோம். பல் கிடுகிடுக்க முதலில் கேட்டது இதைத்தான்.

"நான் இல்லேன்னு யாரு சொன்னா? என் தம்பியா?"

உண்மை என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் இவர் பேசினார்.

"ஆமாக்கா. உங்க தம்பிதான். துடிச்சுப் போயிட்டாரு."



"அவன் அப்படித்தான்," என்றார் அந்த அக்கா. "சின்னதுல நான் கடைக்குப் போனாக்கூட வாசல்ல நின்னு அழுவான். நாந்தானே வளர்த்தேன்." அந்த நடுக்கத்திலும் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

கரை வந்தது. ஈ காக்கை இல்லை. வேன்கள் நின்ற இடத்தை அந்த அக்கா பார்த்தார்.

"உங்களுக்குப் பொய் சொல்ல வரலை தம்பி," என்றார் இவரிடம். அவர் அழவில்லை. எனக்குத்தான் முட்டிக்கொண்டு வந்தது.

பெஞ்சில் உட்காரவைத்து, துண்டைப் போர்த்தி, டீயைக் கையில் கொடுத்தபோது ஒரு வேன் புழுதி கிளப்பிக்கொண்டு திரும்பி வந்தது. தம்பிக்காரர் குதித்து இறங்கி நேராக என்னிடம் ஓடிவந்தார். எனக்கு உயிரே வந்தது.

"ஏங்க, இங்க ஒரு பந்து பார்த்தீங்களா? பையன் கத்திக் கூப்பாடு போடறான்."

சொல்லிக்கொண்டே திரும்பியவர் பெஞ்சைப் பார்த்தார். ஈரப் புடவை, மடியில் பந்து.

"அக்கா! நீ... அந்த வண்டியில இல்லையா?"

அந்த அக்கா பந்தை நீட்டினார். நான் கழுவிக் கழுவி ஊற்ற வாயைத் திறந்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"வாக்கா, ஏறு," என்றார் தம்பிக்காரர். "எல்லாரும் வண்டியில காத்துட்டிருக்காங்க."

"காத்திருக்கட்டும்டா. இன்னைக்கு ஒரு நாள் எனக்காகக் காத்திருங்க."

தம்பிக்காரர் வேனுக்குப் போகவில்லை. பந்தோடு அங்கேயே மணலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். வேனுக்குள்ளிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள். அந்த அக்கா கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, தம்ளரை என்னிடம் நீட்டி, இன்னொரு டீ போடச் சொன்னார்.