தொட்டி சுடுகிறதா?

எங்கள் பால்கனி உரத்தொட்டி நாறாது. இதை யார் முகத்துக்கு நேராகவும் சொல்வேன். காய்கறித் தோலைப் போட்டு, மேலே காய்ந்த இலையைத் தாராளமாகத் தூவினால் ஈகூட எட்டிப் பார்க்காது. அப்படிப்பட்ட தொட்டி ஒருநாள் மேல்மாடி வரைக்கும் நாறியது. மேல்வீட்டுக்காரர் குடியிருப்புச் செயலாளரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து பாப்பேன். இதே நாத்தம் இருந்தா தொட்டியத் தூக்கிடணும்மா" என்றார் செயலாளர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானே பார்த்துப் பார்த்து வளர்த்த தொட்டி! கையை விட்டுப் பார்த்தேன். எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும் உரம் ஜில்லென்று, சொதசொதவென்று கிடந்தது. கூடவே ஆஸ்பத்திரி வாடை. எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரி என்றால் ஒரே ஆள்தான். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற என் மாமியார்.

"அத்தை, தொட்டில என்ன ஊத்துனீங்க?"

"பினாயில்தான். தெனம் ஒரு மூடி. உள்ள எவ்வளவு கிருமி இருக்கும்!"

"அந்தக் கிருமிதான் அத்தை தோலை உரமாக்குது! அது உசிரோட வேலை பாத்தாத்தான் தொட்டி சுடும். கூண்டோட கொன்னுட்டீங்களே!"

அத்தை பினாயில் பாட்டிலை எடுத்துப் பரணில் வைத்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் என் கோபம் பாதி இறங்கிவிட்டது.

மீதிக் கோபத்தை வேலையில் காட்டினேன். கெட்டதை வழித்துப் போட்டு, தொட்டியைக் கழுவிக் காயவைத்தேன். காய்கறிக் கடையில் கழிவு கேட்டு வாங்கி, புதுக் கிருமிக்காக, முன்பே எடுத்துச் சாக்கில் கட்டி வைத்திருந்த பழைய உரத்தைக் கலந்தேன். ஈரத்தை இழுக்க அத்தை அட்டைப்பெட்டியைக் கிழித்துக் கொடுத்தார், கட்டுத்துணி மாதிரி ஒரே அளவில். அப்புறம் தினமும் காலையில் போய்த் தொட்டுப் பார்ப்பார். "இன்னும் சில்லுன்னுதான் இருக்கு" என்று மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார். சூடு வந்துவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திறந்தேன். ஈர மண் வாசனை. செயலாளர் மோந்து பார்த்துத் தலையாட்டினார்.

மேல்வீட்டுக்காரர் விடவில்லை. "இன்னைக்கு இல்லைன்னா நாளைக்கு நாறும் சார். இப்பவே எடுத்துட்டா நிம்மதி."

செயலாளர் தலையைச் சொறிந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை குறுக்கே வந்தார். குழந்தையின் நெற்றியில் வைப்பதுபோல் புறங்கையை உரத்தில் வைத்தார். முகம் மலர்ந்தது.

"சுடுது! உசிரு வந்துடுச்சு. உசிரோட இருக்கறத என் கண்ணு முன்னாடி யாரும் தூக்கிட்டுப் போக முடியாது."

செயலாளரின் கையைப் பிடித்து உள்ளே அமுக்கினார். அவர் "அட, ஆமா!" என்றார்.

அத்தை மேல்வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "நாளையிலேருந்து உங்க வீட்டுத் தோலையும் கொண்டாந்து குடுங்க. இதுக்கு இனிமே நல்லாப் பசிக்கும்."