பழைய சாவியை அழிக்காதீங்க

விலையைக் கேட்டதும் அந்த ஆள் முகம் சுளிக்கவில்லை. சாவியக்காவுக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டும்.

பதினான்கு வருடமாகக் கார் சாவி செய்கிறவள் அவள். தெருவில் எல்லோரும் சாவியக்கா என்றே கூப்பிட்டுப் பழகி, அவளுடைய சொந்தப் பெயர் வங்கிக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும். விலையைச் சொன்னால் யார் என்ன செய்வார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. வெறும் இரும்புச் சாவி என்றால் ஒருவேளைச் சாப்பாட்டுக் காசு, பேச்சே இருக்காது. கைப்பிடிக்குள் சிப் வைத்த சாவி என்றால் இரண்டு நாள் கூலி, "இத்தனூண்டு பிளாஸ்டிக்குக்கா?" என்பார்கள். ரிமோட்டோடு மடங்குகிற சாவி ஒரு வாரக் கூலி. உடனே வீட்டுக்குப் போன் போட்டு யார் தொலைத்தது என்று சண்டை ஆரம்பிக்கும். பொத்தானை அமுக்கிக் கிளப்புகிற வண்டிக்கு ஸ்மார்ட் சாவி, அதுவும் இருந்ததெல்லாம் தொலைந்து ஒன்றுகூடக் கையில் இல்லை என்றால், அரை மாதச் சம்பளம் போய்விடும். அதைக் கேட்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்ட ஒரு பேராசிரியரை அவள் பார்த்திருக்கிறாள்.

இந்த ஆள், "எவ்வளவானாலும் பரவாயில்லம்மா, சீக்கிரம் முடிச்சா போதும்" என்றான்.

அலுவலகக் கட்டடம் ஒன்றின் அடியில், தரைக்குக் கீழே இரண்டாவது தளத்தில், கார்கள் நிறுத்துமிடம். மணி மூன்றாகப் பத்து நிமிடம் இருந்தது. அவனுக்கு நாற்பது வயது இருக்கும். தேய்த்த சட்டை, மழித்த முகம், மரியாதையான பேச்சு. சாம்பல் நிறக் கார் ஒன்றின் பக்கத்தில் நின்றிருந்தான்.

"வண்டிக் காகிதம் இருக்கா சார்?"

செல்போனை நீட்டினான். பதிவுச் சான்றின் புகைப்படம். பெயர் ஒரு பெண்ணுடையது.

"பொண்டாட்டி பேருல இருக்கு. ரெண்டு சாவியும் ஒரே பையில வெச்சிருந்தா, பையோட போயிடுச்சு. நாலு மணிக்குள்ள வண்டியை எடுத்தாகணும்."

இதில் புதிதாக எதுவும் இல்லை. கணவன் பெயரில் மனைவியும், அப்பா பெயரில் மகளும் தினமும் வருகிறார்கள். சாவியக்கா கதவுக் கைப்பிடியின் மூடியை நெம்பி, உள்ளே ஒளிந்திருந்த துவாரத்தில் மெல்லிய கம்பியை விட்டாள். மூன்று நிமிடத்தில் பூட்டு திறந்தது. திறந்ததுதான் தாமதம், வண்டி ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறத் தொடங்கியது.

அவள் திரும்பிப் பார்த்தபோது அந்த ஆளைக் காணோம். அலறல் நின்ற பிறகு தூணுக்குப் பின்னாலிருந்து வந்தான்.

"சத்தம் எனக்கு ஆகாது" என்று சிரித்தான்.

யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கார் அலறினால் யார்தான் பார்க்கிறார்கள்?

ஸ்டீயரிங்குக்கு அடியில் இருக்கும் துளையில், சாவி பதிகிற தன் மிஷினின் வயரை மாட்டி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். பின் சீட்டில் குழந்தை இருக்கை ஒன்று கட்டியிருந்தது. முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு அட்டை. 'வண்டி இடைஞ்சலாக இருந்தால் அழைக்கவும்' என்று உருண்டை எழுத்தில் எழுதி, அடியில் ஒரு செல்போன் எண். ஓரத்தில் யாரோ ஒரு குழந்தை கிரேயானில் ஒரு மஞ்சள் மீன் வரைந்திருந்தது.

மிஷின் திரையில் வந்தது: பதிவான சாவிகள், இரண்டு.

"இருக்கறது ரெண்டுதான் சார். ரெண்டையும் அழிச்சிட்டுப் புதுசா ஒண்ணு பதிஞ்சிடறேன். தொலைஞ்சது யார் கையில கிடைச்சாலும் வண்டி கிளம்பாது."

"வேணாம். பழைய சாவியை அழிக்காதீங்க."

"எல்லாம் தொலைஞ்சிடுச்சுன்னீங்களே?"

"தொலைஞ்சிடுச்சு. ஆனா அது பாட்டுக்கு அது வேலை செய்யட்டும். புதுசு ஒண்ணு கூடுதலா இருந்தா போதும்."

சாவியக்காவின் விரல் திரைமேல் அப்படியே நின்றது. சாவியைத் தொலைத்தவர்கள் எல்லோரும் முதலில் கெஞ்சுவதே பழையதைச் செல்லாததாக்கச் சொல்லித்தான். பழையது வேலை செய்ய வேண்டுமென்றால் அது தொலையவில்லை. யாரோ ஒருத்தியின் கையில் இருக்கிறது. நாலு மணிக்கு அவள் கீழே வந்து வண்டியைத் திறக்கும்போது, எதுவும் மாறியதாக அவளுக்குத் தெரியக் கூடாது.

பின்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அந்த ஆள் பின் சீட்டில், குழந்தை இருக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. பிறகு மெதுவாகச் சரிந்தான். நெற்றி மட்டும் தெரிந்தது. அப்புறம் அதுவும் இல்லை. முன் சீட்டின் முதுகில் அவன் முழங்கால் இடிப்பதை அவள் தன் முதுகில் உணர்ந்தாள்.

சில நொடிகள் கழித்து எழுந்தான்.

"உள்ள எவ்வளவு இடம் இருக்குன்னு பார்த்தேன்" என்றான்.

இறங்கி ஓடலாம் என்றால் அவளுடைய வேன் இருபதடி தள்ளி நிற்கிறது, முழங்கால் வலியோடு இருபதடி என்பது ஒரு மைல். மாட்டேன் என்று சொன்னால் இந்தத் தூண்களுக்கு நடுவில் அவளும் அவனும் மட்டும்தான். அப்படியே தப்பித்தாலும், நாலு மணிக்கு அந்தப் பெண் இறங்கி வருவாள், ஒருவேளை குழந்தையோடு.

முதலில் கருவிப் பையை எடுத்து அந்த அட்டையின்மேல் வைத்தாள், ஏதோ இடமில்லாமல் வைப்பதுபோல. வைப்பதற்குள் எண்ணை இரண்டு தடவை மனசுக்குள் படித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு படிக்கும்போதுகூட அவள் இவ்வளவு கவனமாக இருந்ததில்லை.

"இந்த வண்டிக்கு எந்த சாவி சேரும்னு கடையில கேட்டுக்கறேன் சார். தப்பானதைப் பதிஞ்சா வண்டியே பூட்டிக்கும்."

"ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுங்க" என்றான் அவன்.

கடையில் இருந்தது அவள் நாத்தனார். சாவியக்காவின் கணவன் இறந்து ஆறு வருடமாக இருவரும்தான் கடையை நடத்துகிறார்கள். காலையில் வேனுக்கு டீசல் போடாமல் விட்டது யார் என்று இருவருக்கும் பெரிய சண்டை. அதிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை.

"ம்" என்றாள் நாத்தனார்.

"ஒரு பார்ட் நம்பர் சொல்றேன், எழுதிக்கோ." கையில் இருந்த, இன்னும் பதியாத வெற்றுச் சாவியைப் பார்த்துப் படிப்பதுபோல் அந்த எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"இது என்ன அண்ணி இத்தனை நீளம்? நம்ம பார்ட் நம்பர் எல்லாம் எழுத்துலதானே ஆரம்பிக்கும்? காலையில சண்டை போட்டதுக்கு இப்ப பழி வாங்கறீங்களா?"

கண்ணாடியில் அந்த ஆள் முன்னால் சாய்ந்தான்.

"இது புது மாடல். உனக்குத் தெரியலைன்னா உங்க அண்ணன்கிட்ட கேளு. அவரு பக்கத்துலதானே உக்காந்திருக்காரு?"

மேலே எங்கோ தண்ணீர்க் குழாயில் தண்ணீர் ஓடியது. நாத்தனார் அழுதுவிடுவாளோ, உனக்கென்ன பைத்தியமா என்று கத்துவாளோ என்று சாவியக்கா பயந்தாள். இரண்டில் எது நடந்தாலும் கதை முடிந்தது.

"இருக்காரு அண்ணி" என்றாள் நாத்தனார். குரல் சாதாரணமாக இருந்தது. "அவருகிட்டயே கேட்டுச் சொல்றேன். நம்பரைத் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க."

சொன்னாள். ஓர் எண்கூடப் பிசகவில்லை.

அதன்பிறகு நேரத்தை ஓட்ட வேண்டியிருந்தது. சாவியக்கா வேண்டுமென்றே தப்பான மாடலைத் தேர்ந்தெடுத்தாள். மிஷின் சிவப்பாகி, பீப் என்றது.

"ஏன் சிவப்பு வருது?"

"திருட்டைத் தடுக்கறதுக்கு வெச்சிருக்காங்க சார். பத்து நிமிஷம் காத்திருந்துதான் மறுபடி போடணும்."

அது பாதி உண்மை. சில வண்டிகளில் அப்படித்தான். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இறங்கி அவளுடைய கதவுக்குப் பக்கத்தில் வந்து, அதைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். அவள் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினாள். கம்பெனிக்குப் போனால் இதே சாவிக்கு இரண்டு பங்கு கேட்பார்கள் என்றாள். வெளிநாட்டு வண்டி என்றால் இன்னும் மோசம், சாவி விலைக்கு ஒரு பழைய ஸ்கூட்டரே வாங்கிவிடலாம் என்றாள். அவனோ அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போன் அடித்தது. ஸ்பீக்கரிலேயே எடுத்தாள்.

"அண்ணி, சாவி அந்தக் கட்டடத்துலயே இருக்காம். ரெண்டு பேர் கொண்டு வர்றாங்க. நீங்க எந்த இடம்?"

"கீழ ரெண்டாவது தளம், பதினேழாம் நம்பர் தூண்."

அவள் போனை வைப்பதற்குள் அந்த ஆள் கேட்டான். "கொண்டு வர்றாங்களா? இந்தக் கட்டடத்துல சாவிக்கடை ஏது?"

அவன் குனிந்து, அவளுக்குக் குறுக்கே கையை நீட்டிக் கருவிப் பையைத் தூக்கினான். அட்டையைப் பார்த்தான். உதடு அசைய எண்ணைப் படித்தான். அது அவள் சற்றுமுன் ஒவ்வொன்றாகச் சொன்ன அதே எண் என்பது அவனுக்குப் புரிந்த நொடி, சாவியக்காவுக்கும் தெரிந்தது. அவன் முகத்தில் எதுவும் மாறவில்லை.

"அவகிட்ட சொல்லிட்டியா?" என்றான். வாங்க போங்க எல்லாம் போயிருந்தது.

அவள் மணிக்கட்டைப் பிடித்தான். முறுக்கவில்லை, பிடித்தபடி இருந்தான். வயர் மாட்டிய மிஷின் அவள் மடியிலிருந்து சரிந்து விழுந்தது.

லிஃப்ட் கதவு திறக்கும் மணி ஒலித்தது. நீலச் சீருடையில் காவலாளிகள் இருவர் வேகமாக வந்தார்கள். அவன் கையை விட்டான். அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"உன் வேன்ல கடை விலாசம் பெருசா எழுதியிருக்கு" என்று அவள் காதருகில் சொல்லிவிட்டு, வண்டிகள் ஏறும் சரிவில் மேலே நடந்தான். ஓடவில்லை. காவலாளிகளுக்கு அவனைத் துரத்துவதா, அவளைப் பார்ப்பதா என்று புரியவில்லை. புரிவதற்குள் அவன் வெளிச்சத்துக்குப் போய்விட்டான்.

காரின் சொந்தக்காரி போலீஸ் வந்த பிறகுதான் கீழே வந்தாள். மேலே நான்காம் மாடியில் கணக்கு எழுதுகிறவள். முப்பது வயதுகூட இருக்காது. சாவியக்காவின் பக்கத்தில் படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணரை வருஷம் ஆச்சு நான் என் புருஷனை விட்டு வெளிய வந்து. இதோட மூணு வீடு மாத்திட்டேன்" என்றாள். "போன தடவை வீட்டுச் சாவி. பொண்டாட்டி பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டான்னு சொல்லிச் செய்ய வெச்சிருக்காரு. செஞ்சு குடுத்தவரு நல்ல மனுஷன்தான் அக்கா. பாவம், நம்பிட்டாரு."

சொல்லும்போது இடது கைச் சட்டையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அதன்பிறகு பதினொரு நாள் சாவியக்காவுக்குத் தூக்கம் இல்லை. நாத்தனார் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கே வந்துவிட்டாள். கடை வாசலில் யார் நிழல் விழுந்தாலும் இருவரும் ஒன்றாக நிமிர்ந்து பார்த்தார்கள். வேனில் இருந்த விலாசத்தின்மேல் நாத்தனார் பெயின்ட் அடித்தாள். "இப்ப வேன் சொட்டை விழுந்த மாதிரி இருக்கு" என்று அவளே சிரித்தாள். சாவியக்காவும் சிரித்தாள். ஆனாலும் டீசல் போடப் போகும்போது இருவரும் சேர்ந்தே போனார்கள்.

அவன் பிடிபட்டதும் நாத்தனாரால்தான். சாவி செய்கிறவர்கள் எல்லோரும் இருக்கிற செல்போன் குழுவில், அவன் அழைத்த எண்ணையும், அடையாளத்தையும், சாம்பல் காரின் பதிவு எண்ணையும் அன்றே போட்டிருந்தாள். பன்னிரண்டாம் நாள் ஊரின் மறுகோடியில் ஒரு கடைக்கு அதே காருக்குச் சாவி கேட்டு அழைப்பு வந்தது. அந்தக் கடைக்காரர், "ஒரு மணி நேரத்துல வரேன் சார், அங்கயே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போலீசுக்கு அழைத்தார். இந்தத் தடவை கார் அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் நின்றிருந்ததாம்.

செய்தியைக் கேட்டு நாத்தனார் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். சாவியக்கா அழவில்லை.

இப்போது பதிவுச் சான்றில் இருக்கும் பெயருக்குரியவர் நேரில் வந்தால்தான் அவள் சாவி செய்கிறாள். வர முடியாதென்றால் அவரே போனில் முகம் காட்டிப் பேச வேண்டும். சிலர் திட்டிவிட்டு வேறு கடைக்குப் போகிறார்கள். போகட்டும் என்கிறாள் நாத்தனார்.

ஒரு மத்தியானம் கடையில் யாரும் இல்லாதபோது சாவியக்கா திடீரென்று கேட்டாள். "நாலு வருஷத்துக்கு முன்னால ஒரு செவப்பு வண்டி வந்துதே, ஞாபகம் இருக்கா? டயரெல்லாம் செம்மண்ணு. பொண்டாட்டி வெளியூர் போயிருக்கா, அவ வண்டிக்கு ஒரு சாவி வேணும்னு ஒருத்தரு வந்தாரே. நாமளும் செஞ்சு குடுத்தோமே."

"ஆமா. நல்லாப் பேசினாரு. அவருக்கென்ன?"

"காகிதத்துல அந்தப் பொண்ணு பேரு என்னன்னு பார்த்தியா?"

நாத்தனார் யோசித்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"நானும் பார்க்கலை" என்றாள் சாவியக்கா.