ஒரு நீர்க்கொப்புளமும் கடைசிக் கருவும்

பெஹாலாவிலிருந்து நியூ டவுன் வந்து சேர்வதற்குள் சரிதா ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்து முடித்திருந்தாள். கருவை உள்ளே வைக்கிற நாளில் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும், அப்போதுதான் ஸ்கேனில் கருப்பை தெளிவாகத் தெரியும் என்பது மருத்துவமனையின் கட்டளை. கட்டளை போட்டவர்களுக்குக் கல்கத்தாவின் காலை நெரிசலைப் பற்றி என்ன கவலை? வண்டி குலுங்கும்போதெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பக்கத்தில் அவள் கணவன் மகேஸ்வரன், ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தான். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. பாவம், அவனுக்கும் படபடப்பாகத்தான் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பில் மண் விழ அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

வரவேற்பில் இருந்த நர்ஸ் அவளைப் பார்த்ததும் திகைத்துப்போனாள்.

"தீதி, இன்னிக்கு உங்களுக்கு ஒண்ணும் இல்லையே? தாதா நேத்து சாயங்காலம் போன் பண்ணி நிறுத்தி வைக்கச் சொன்னாரே. எம்ப்ரியோவை நாங்க ஃப்ரீஸர்லேருந்து எடுக்கவே இல்ல."

நர்ஸ் பேசியது வங்காள மொழியில்; தீதி என்றால் அக்கா, தாதா என்றால் அண்ணன், அதாவது மகேஸ்வரன். பதினோரு வருடமாக இந்த ஊரில் இருக்கிற சரிதாவுக்கு அது ஒரு எழுத்து விடாமல் புரிந்தது. அன்றைக்கு மட்டும் புரியாமல் இருந்திருக்கலாம். அவள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் ஃபைலின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"டாக்டர்கிட்ட ஒரு தடவை பேசிட்டு முடிவு பண்ணலாம்னு..." என்று இழுத்தான்.

சரிதாவுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு மிச்சம் வேண்டும். மூன்று வருட வைத்தியத்தில் மாத்திரை, ஊசி, ஸ்கேன் என்று அந்தத் தெம்பையெல்லாம் தவணை முறையில் செலவழித்திருந்தாள். இரண்டு முறை கரு வைத்து இரண்டு முறையும் நிற்கவில்லை. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, இந்தக் கட்டிடத்தின் ஏதோ ஓர் அறையில் உறைந்து கிடந்தது. அதற்காக இருபது நாள் மாத்திரை, ஐந்து நாளாகத் தினமும் இடுப்பில் எண்ணெய் ஊசி. உட்கார்ந்தால் வலது பக்கம் வலி, சாய்ந்தால் இடது பக்கம். இத்தனையும் பட்டுக் கருப்பையைப் பக்குவம் செய்தது இன்றைய ஒரு நாளுக்காக. இன்று தவறினால் மறுபடியும் முதல் மாத்திரையிலிருந்து தொடங்க வேண்டும். அவள் தொடங்க மாட்டாள். அதை அவள் இரண்டு வாரத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் போன மாத ஸ்கேனில் தென்பட்ட ஒரு கொப்புளம். கருப்பை வாயில், பட்டாணி அளவு. டாக்டர் மீரா அன்றைக்கே படம் போட்டு விளக்கினார். அந்த இடத்தில் சளி சுரக்கிற நுண்ணிய சுரப்பிகள் உண்டு, அதில் ஒன்றின் வாய் அடைத்துக்கொண்டால் உள்ளே நீர் கோத்துக் கொப்புளமாகிவிடும், நிறையப் பெண்களுக்கு இருக்கும், பாதிப் பேருக்கு இருப்பதே தெரியாது என்றார். புற்றுநோய்ச் சோதனையும் சுத்தமாக வந்திருந்தது. கரு வைப்பதற்கு ஒத்திகையாக ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார். கொப்புளத்துக்குப் பக்கத்தில் உரசாமல் போய்விட்டது. "அது பாட்டுக்கு இருக்கட்டும். தொட வேண்டாம்" என்றார். சரிதாவுக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று வருடத்தில் அவள் உடம்பில் ஏதோ ஒன்றைத் தொட வேண்டாம் என்று ஒரு டாக்டர் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆனால் மகேஸ்வரனால் விட முடியுமா? துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளைச் சோதித்து அனுப்பும் வேலை அவனுக்கு. முத்திரை கொஞ்சம் நகர்ந்திருந்தால் போதும், பெட்டியைத் தனியாக ஒதுக்கிவிடுவான். "சந்தேகம் வந்தா நிறுத்திடணும். நிறுத்தினதுக்காக எவனுக்கும் மெமோ வந்தது கிடையாது" என்று புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். வேலையில் நல்ல பெயர். அந்த நல்ல பெயரை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்ததுதான் வினை. ஒரு மாதத்தில் மூன்று டாக்டர்களிடம் அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தான். முதல் இருவரும் டாக்டர் மீரா சொன்னதையே சொன்னார்கள். காளிகாட் பக்கத்தில் இருந்த மூன்றாமவர் மட்டும், "வேண்டுமானால் சுட்டு எடுத்துவிடலாம்" என்றார். அந்த 'வேண்டுமானால்' அவன் காதில் விழவே இல்லை.

டாக்டர் மீரா அறைக்குள் கூப்பிட்டார். அறுபதை நெருங்கும் வயது, இரவு தூங்காத கண். அவன் நீட்டிய மூன்றாவது சீட்டைப் படித்துவிட்டு மேசைமேல் வைத்தார். கொப்புளம் பெரிதாக வளர்ந்து வழியை மறித்தால் ஊசியால் நீரை உறிஞ்சி எடுக்க வேண்டியிருக்கும், அதற்கு இரண்டு நிமிடம் போதும், இவளுக்கு அதுகூடத் தேவையில்லை என்றார். சுட்டால் புண் ஆறுகிற இடத்தில் தழும்பு விழலாம், தழும்பு விழுந்தால் எந்த வழியாகக் கருவை அனுப்ப வேண்டுமோ அந்த வழியே சுருங்கிப்போகலாம் என்றார்.

"உங்கள் இருவர் கையெழுத்தும் இல்லாமல் நான் கருவை வெளியே எடுக்க மாட்டேன். பதினோரு மணிக்குள் சொன்னால் இன்றைக்கே வைத்துவிடலாம். அதற்கு மேல் என்னால் முடியாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மணி பத்தரை.

சரிதாவால் இப்போது நேராக உட்காரவே முடியவில்லை. நர்ஸ் இரக்கப்பட்டு, "தீதி, பாத்ரூம் போயிட்டு வாங்க. ஆனா பாதிதான்" என்றாள். பாதியில் நிறுத்துகிற வித்தையை அந்தப் பெண் எங்கே கற்றாளோ. சரிதா போய், தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டுக் கண்ணில் நீர் முட்ட வந்து உட்கார்ந்தாள். மேசைமேல் படிவம் இருந்தது. அவள் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"ஒரு மாசம்தானே சரிதா," என்றான் அவன். "அதச் சரி பண்ணிட்டு அப்புறமா வச்சுக்கலாம். எங்க போகப்போகுது?"

"அடுத்த மாசம் வேற ஏதாவது வரும். தைராய்டு வரும். ஒண்ணும் வரலேன்னா நீங்க தேடிக் கண்டுபிடிப்பீங்க."

"உன் நல்லதுக்குத்தான்மா சொல்றேன்."

"இவங்களோட சேத்து மூணு டாக்டர் ஒண்ணும் இல்லேன்னுட்டாங்க. அதக் கேட்டதும் உங்க மொகம் வாடிப்போச்சு. நான் பாத்தேன். நல்ல சேதி கேட்டா யாருக்காவது மொகம் வாடுமா?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்கே அது பிடிபட்டது. இவனுக்கு அந்தக் கொப்புளத்தைக் கண்டு பயமே இல்லை. அது கிடைத்ததில் இவனுக்கு ஒரு நிம்மதி. அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான்.

"என்ன பயம் உங்களுக்கு? எங்கிட்ட சொல்லுங்க."

மகேஸ்வரன் ஃபைலை மூடினான், திறந்தான், மறுபடி மூடினான்.

"அது உள்ள உறைஞ்சு கெடக்கற வரைக்கும்," என்றான் மெல்ல, "நமக்கு ஒண்ணு இருக்குன்னு ஒரு நெனப்பு இருக்கு. ராத்திரி அதான் எனக்குத் தூக்கத்தையே குடுக்குது. வெளிய எடுத்தாச்சுன்னா... அதுவும் போச்சுன்னா, அதுக்கப்புறம் நம்மகிட்ட ஒண்ணுமே இல்ல சரிதா."

"ஒண்ணுமே இல்லையா?" என்றாள் அவள். "அப்ப நான் யாரு?"

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தினால் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அங்கேயே உடைந்துவிடும் என்ற பயமும் ஒரு காரணம். ஆனால் கேட்டது மனதார. அவள் ஊசி போட்டுக்கொள்கிற உடம்பாக, ஸ்கேன் எடுக்கிற வயிறாக ஆகி வெகு நாளாயிற்று. முன்பு இவனோடு சண்டை போடுவாள், சந்தைக்குப் போவாள், மழையில் நனைந்துகொண்டு நின்று ஜால்முடி என்கிற காரப்பொரி தின்பாள். அந்த ஆளை இவன் எங்கே தொலைத்தான்? அவளே எங்கே தொலைத்தாள்?

"என்னால இதுக்கு மேல முடியாதுங்க," என்றாள். "இன்னிக்கு இல்லேன்னா நான் திரும்ப ஊசி போட்டுக்க மாட்டேன். மெரட்டறேன்னு நெனச்சுக்காதீங்க. நெசமாவே முடியல. புள்ள வேணும்னுதான் இருக்கு. அதவிட, இது ஒரு முடிவுக்கு வரணும்னு இருக்கு. எந்த முடிவா இருந்தாலும் சரி."

அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டான். மணி பதினொன்றாக எட்டு நிமிடம் இருந்தது.

உறைந்த கரு உருகிப் பிழைக்குமா என்று தெரிய இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அந்த நேரம் முழுவதும் அவள் மறுபடி தண்ணீர் குடித்தாள். பன்னிரண்டு மணிக்கு, பிழைத்துவிட்டது என்று சேதி வந்தது. அதற்குப் பிறகு எல்லாமே பத்து நிமிட வேலை. மெல்லிய குழாய் கொப்புளத்தைத் தாண்டி உள்ளே போனது. திரையில் கடுகளவு வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிந்தது. "அதுதான்" என்றார் டாக்டர் மீரா. சரிதாவுக்கு ஆனந்தம் ஒன்றும் பொங்கவில்லை. எப்போது எழுந்து பாத்ரூம் போகலாம் என்று கேட்டாள்.

வெளியே வந்தபோது மகேஸ்வரன் அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றிருந்தான். குனிந்து அவள் காலடியில் போட்டான். கரு தங்கியதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்குப் பதினான்கு நாள் இருந்தது.

"சரிதா, ஒருவேளை இல்லேன்னு வந்தா..." என்று ஆரம்பித்தான்.

"வந்தா அன்னிக்கு நீங்க லீவு போடணும்," என்றாள் அவள். "போன ரெண்டு தடவையும் ரிசல்ட்டப் பாத்ததும் டூட்டின்னு கெளம்பிட்டீங்க. நான் மட்டும் கதவச் சாத்திட்டு அழுதேன். இந்தத் தடவை அழறதா இருந்தா நீங்களும் கூட உக்காந்து அழணும்."

எதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பவன் அவன். டூட்டி, ஆள் பற்றாக்குறை, கப்பல் வருகிற நேரம் என்று ஏதாவது சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். அவனோ, நர்ஸும் நாலைந்து பேரும் பார்த்துக்கொண்டிருக்க, பதினான்கு நாள்கூடப் பொறுக்காமல், அங்கேயே நின்று அழ ஆரம்பித்தான்.